தாழையூத்தின் மூட்டைக்கு விலை வைப்பது யார்?

திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் கிடைத்த சுண்ணாம்புக்கல்லை நம்பி 1946இல் தொடங்கப்பட்டது இந்தியா சிமெண்ட்ஸ். 1949இல் ஆலை ஓடத் தொடங்கியது; அதைச் சுற்றிச் சங்கர் நகர் என்று ஓர் ஊரே எழுந்தது. முதல் போட்டது தனியார். ஆனால், மூட்டை என்ன விலைக்கு, யாருக்குப் போக வேண்டும் என்பதை, இடையே சிறிது காலம் தவிர, 1982 வரை டெல்லிதான் தீர்மானித்தது. அந்தக் கட்டுப்பாடு ஏழைக்காக வந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. விளைந்தது வேறு. கட்டுப்படுத்திய விலையில் லாபம் குறைந்ததால் புது ஆலைக்குப் பணம் போட ஆள் வரவில்லை, சரக்கு தட்டியது, வீடு கட்டுகிறவர் பெர்மிட்டுக்கு அலைந்தார், கிடைக்காதவர் கள்ளச்சந்தைக்குப் போனார். சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கு ஈடாக அறக்கட்டளைக்கு நன்கொடை பெற்ற வழக்கில்தான் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த மாதமே, அரசு வைத்த விலைக்குத் தர வேண்டிய லெவிப் பங்கு போக மீதியை ஆலைகள் வெளியில் விற்கலாம் என்றானது. 1989 மார்ச்சில் கட்டுப்பாடு முழுதும் போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன்னாக இருந்த நாட்டின் உற்பத்தி, பத்தே ஆண்டில் இரு மடங்கைத் தாண்டியது.

அப்படியானால் அரசு முற்றாக விலகிவிடலாமே என்பார்கள். சிமெண்டுக்கு அது பொருந்தாது. கனமான சரக்கு; லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும் என்பதால் கல் கிடைக்கும் இடத்தருகேதான் ஆலை நிற்கும், ஒரு வட்டாரத்தில் விற்பவர் சிலரே இருப்பார்கள். சிலர் மட்டும் இருந்தால் பேசிவைத்துக்கொள்வது எளிது. கூட்டாக விலையை உயர்த்தியதாகச் சொல்லி 2012இல் போட்டி ஆணையம் 11 நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மறுத்து மேல்முறையீடு செய்தன. இந்த இடத்தில்தான் அரசு ஆலைக்கு வேலை இருக்கிறது. ஆலங்குளத்திலும் அரியலூரிலும் ஆலை வைத்திருக்கும் தமிழக அரசு நிறுவனமான டான்செம், மக்கள் வரிப்பணத்துக்குப் பாரம் என்ற குறை நியாயமானதே. பழைய இயந்திரம், அரசியல் தலையீடு இரண்டும் அதை இளைக்க வைக்கும். ஆனாலும் சந்தையில் சிறு பங்கை விற்கும் ஒரு பொது ஆலை, ஒரு மூட்டையின் அடக்கவிலை உண்மையில் எவ்வளவு என்பதை அரசுக்குக் கணக்கோடு காட்டுகிறது. விலையை ஆணையிட்டு அடக்குவதைவிட இந்த அறிவு பெரிய பலம். 2015இல் மூட்டை 190 ரூபாய்க்கு வந்த தமிழக அரசின் அம்மா சிமெண்ட், விலையைக் கட்டுப்படுத்தாமலே எளியவருக்கு உதவ வழி உண்டென்று காட்டியது.

2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் வசமானது. 2012 அபராதப் பட்டியலில் தனித்தனியாக இருந்த இரண்டு பெயர்கள் அவை. போட்டி ஆணையத்தின் ஒப்புதலோடுதான் இது நடந்தது. இனி நெல்லைச் சீமையில் மூட்டை விலையை மாதந்தோறும் கவனிக்கும் கடமையும் அந்த ஆணையத்துக்கு உண்டு.