திரைக்குப் பின்னால் – 9: மாறியதை யார் சொல்வது?

உள்ளே நினைவகத்தில் இருக்கும் விவரம் வேறு, வெளியே திரையில் தெரியும் உருவம் வேறு என்பதைச் சென்ற இதழில் பார்த்தோம். அப்படியானால், உள்ளே ஓர் எண் மாறிய க்ஷணத்தில் வெளியே இருக்கும் உருவத்துக்கு அந்தச் செய்தி எவ்வாறு எட்டுகிறது என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. அற்பமானதுபோலத் தோன்றினும், கணினி வல்லுநர்களை நெடுங்காலமாக அலைக்கழித்து வரும் கேள்வி இது.

ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் இறங்கி வரும் போளூர்க் கடைத்தெருவில், ஏதேனும் ஒரு மளிகைக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றிருந்தால் விஷயத்தின் பாதி புரிந்துவிடும். எலக்ட்ரானிக் தராசின் முகத்தில் மூன்று எண்கள் ஒளிர்கின்றன: எடை, கிலோவின் விலை, கொடுக்க வேண்டிய தொகை. தட்டில் இருக்கும் புளியோடு கடைக்காரர் இன்னும் ஒரு பிடி சேர்க்கிறார், எடை ஏறுகிறது, அவர் எந்தப் பொத்தானையும் தொடாமலே தொகையும் கூடவே ஏறுகிறது. தொகைக்கென்று தனியாக ஒரு வாழ்வில்லை. எடையையும் விலையையும் அது நிழல்போலத் தொடர்கிறது. ஒரு விவரத்தை மற்றொரு விவரத்தோடோ, திரையின் ஓர் உறுப்போடோ இவ்விதம் நிரந்தரமாக முடிச்சிட்டு வைப்பதற்குத்தான் ‘டேட்டா பைண்டிங்’, அதாவது தரவுப் பிணைப்பு, என்று பெயர். 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்ஸ்டனும் வெளியிட்ட விசிகால்க் என்னும் கணக்கேடு, ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கட்டங்களெல்லாம் தாமாகவே மாறும் அதிசயத்தைச் சாமானியரின் மேஜைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

முடிச்சு என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த முடிச்சுக்குள் நடப்பது என்ன என்று அவிழ்த்துப் பார்த்தால், மாற்றத்தை அறிவதற்கு உலகில் இரண்டே உபாயங்கள்தாம் உண்டு என்பது தெளிவாகும். ஒன்று, நாமே போய்ப் பார்ப்பது. மற்றொன்று, யாராவது வந்து சொல்வது.

முதல் உபாயத்துக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. போளூரிலிருந்து மலைப்பாதையில் ஏறி, ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஆலங்காயம் செல்லும் சாலையில் போனால் காவலூர் வரும்; அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988 பிப்ரவரி 17-ஆம் தேதி, ஆர். ராஜமோகன் அவ்விடத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண் பெற்ற அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. வானத்தில் ஒரு சிறுகோள் தன் வருகையைத் தானே பறைசாற்றுவதில்லை. ஆயிரக்கணக்கான நட்சத்திரப் புள்ளிகளுக்கிடையே அதுவும் ஒரு புள்ளி. ஆகவே வானியலார் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழி, ஆகாயத்தின் ஒரே பகுதியைச் சற்றுக் கால இடைவெளி விட்டு இரண்டு முறை படமெடுத்து, பழைய பிரதியையும் புதிய பிரதியையும் ஒப்பிட்டு, இடம் பெயர்ந்த புள்ளி எது என்று தேடுவதாகும். 1930-இல் கிளைடு டாம்பா புளூட்டோவைக் கண்டதும் இவ்வாறே.

2010-இல் வெளிவந்த கூகுளின் ஆங்குலர் ஜேஎஸ் என்னும் மென்பொருள் சட்டகம் இந்த வானியல் முறையைத்தான் திரைக்குள் கொண்டுவந்தது. பயனாளி ஒரு பொத்தானை அழுத்தியதும், தன் கண்காணிப்பில் உள்ள அத்தனை விவரங்களையும், முன்பு எடுத்து வைத்த பிரதியோடு ஒவ்வொன்றாக அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஏதேனும் ஒன்று மாறியிருந்தால், அதன் விளைவாக வேறொன்றும் மாறியிருக்கலாமே என்ற சந்தேகத்தினால் மறுபடியும் ஆதியிலிருந்து தொடங்கும். பத்துச் சுற்றுக்குப் பிறகும் சலனம் அடங்காவிட்டால் ‘இது என்னால் ஆகாது’ என்று பிழையறிவித்து நின்றுவிடும். ‘டர்ட்டி செக்கிங்’ என்று இத்தொழிலில் உள்ளோர் இதற்கு வைத்த பெயர் அவ்வளவு அழகாக இல்லை. ஆயினும் எதையும் நம்பாமல் அனைத்தையும் பார்ப்பதால் அது ஏமாறுவது அரிது. கண்காணிக்கும் விவரங்கள் சில ஆயிரமானால் திரை தள்ளாடும் என்பதே அதன் குறை.

இரண்டாவது உபாயம் மணியோசை. போளூரில் சம்பத்கிரியின் மேல் லக்ஷ்மி நரசிம்மர் கோயில் கொண்டிருக்கிறார். தீபாராதனை ஆரம்பமாகிவிட்டதா என்று அறிய விரும்பும் பக்தர் நாழிகைக்கு ஒரு முறை படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அல்லது அடிவாரத்திலேயே தம் வேலையைக் கவனித்தபடி, மணியோசைக்குக் காது கொடுத்திருக்கலாம். இந்த மணியோசை முறையைக் கைக்கொள்ளும் மைக்ரோசாப்டின் டாட்நெட் மென்பொருளில் ஒரு விவரத்தை மாற்றும் நிரல், ‘இன்ன பெயருடைய விவரம் மாறிற்று’ என்று கூவ வேண்டும். அந்தப் பெயரோடு பிணைக்கப்பட்ட உறுப்பு மட்டும் விழித்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்துவிட்டாலோ, மணி அடிக்கும், ஆனால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மனிதனின் இத்தகைய தவறுக்குப் பரிகாரமாக, 2014-இல் இவான் யூ வெளியிட்ட வியூ என்னும் சட்டகம், ஒவ்வொரு விவரத்தின் வாசலிலும் ஒரு காவலனை நிறுத்தியது. உள்ளே நுழையும் புதிய மதிப்பைக் கண்டதும் அந்தக் காவலனே மணியை அடித்துவிடுவான்.

எனினும் காவலன் நிற்பது வாசலில் மட்டுமே; வாசல் வழியே வராமல் உள்ளுக்குள்ளேயே நிகழும் மாற்றம் அவன் கண்ணில் படாமல் போகலாம். என் தங்கை மகன் கணினி படித்தவன். தானியம் வாங்கி விற்கும் தன் நண்பனின் கடைக்கு இருப்புக் கணக்கு நிரல் ஒன்றை அவனே எழுதிக் கொடுத்திருந்தான். ஒரு நாள் மாலை மலையிலிருந்து வந்திறங்கிய சாமை மூட்டைகளைப் பட்டியலில் ஏற்றிய பிறகும், திரையில் பழைய கூட்டுத்தொகையே அசையாமல் நின்றது. மூட்டைகள் உள்ளே பதிவாகியிருந்தன என்பதில் சந்தேகமில்லை. திரைக்கு மட்டும் அது தெரியவில்லை. இரவு வெகுநேரம் விழித்திருந்து காரணத்தைக் கண்டவன், மறுநாள் காலை என்னிடம் வந்து, “மாமா, நான் பழைய பட்டியலுக்குள்ளேயே புதுசை நுழைச்சிட்டேன்; ‘இது அதே பட்டியல்தானே’ன்னு திரை சும்மா இருந்துடுச்சு” என்றான்.

“அதேதானேப்பா? பட்டியல் மாறலையே!” என்றேன்.

“அதான் மாமா வினையே” என்று சிரித்தான்.

யோசித்துப் பார்த்தால் திரையின்மேல் குற்றம் சொல்ல இடமில்லை. கோணியின்மேல் எழுதியிருக்கும் அடையாளத்தை மட்டும் பார்த்து ‘நேற்று இருந்த கோணிதான்’ என்று கணக்கெழுதும் குமாஸ்தா, அதன் வாயை அவிழ்த்து யாரோ நாலு படி கூடக் கொட்டியதை அறியமாட்டான். ஒவ்வொரு கோணியையும் அவிழ்த்து அளப்பதென்றால் பொழுது போதாது. ஆகையினாலேதான் பல சட்டகங்கள் அடையாளத்தைப் பார்ப்பதோடு திருப்தியடைகின்றன. பரிகாரம் எளியது: பழைய கோணியில் கொட்டாமல், பழையதையும் புதியதையும் சேர்த்து வேறொரு கோணியில் கட்டி, அதைப் பழையதன் ஸ்தானத்தில் வைத்துவிட வேண்டும். அடையாளம் மாறியதைக் கண்டதும் திரை தானே கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஒரு மூட்டைக்காகப் பட்டியல் முழுவதையும் பிரதி எடுப்பது வீண் செலவு என்று தோன்றலாம். மாற்றத்தை ஐயத்துக்கிடமின்றி அறிவிப்பதற்கு நாம் கொடுக்கும் கூலி அது.

நிரல் திருந்தியது, எண்களும் இப்போது ஒழுங்காக மாறுகின்றன. ஆனால் அந்தக் கடைக்காரர், மாலையில் கடை கட்டும் முன்பு, சாக்குக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போய், மூட்டைக்கொரு கோடு கிழித்து எண்ணிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார். அதற்காக அவரை அவநம்பிக்கைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். மணியோசையைக் கேட்டபின்பு படியேறியும் பார்த்து வருபவர் அவர்.

இதுவரை உள்ளே நிகழும் மாற்றம் வெளியே தெரிவதையே பேசினோம். திரையிலுள்ள பெட்டியில் நாம் தட்டச்சு செய்யும் எழுத்து உள்ளே சென்று விவரத்தை மாற்ற, அந்த மாற்றம் மீண்டும் வெளியே வந்து அதே பெட்டியைத் தொடும் இருவழிப் பிணைப்பில் யார் எஜமான், யார் நிழல் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)