நாயின் உடலில் கட்டியா? விரலை நம்பாதீர்கள்!

மாணவர்களே, உங்கள் வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? பள்ளி முடிந்து வந்து அதைத் தடவிக் கொடுக்கும்போது, ஒருநாள் உங்கள் விரலில் பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்படுகிறது. என்ன செய்வீர்கள்?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மணிக்கு அப்போது எட்டு வயது. பின்னங்காலில் ஒரு சிறு கட்டி. அழுத்திப் பார்த்தேன். மிருதுவாக இருந்தது, தோலுக்கடியில் நழுவியது. “வெறும் கொழுப்புக் கட்டிதான்” என்று அறிவியல் ஆசிரியரான நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அம்மா மஞ்சள் அரைத்துத் தேய்த்தார். முதலில் வீங்கிய கட்டி, இரண்டு நாளில் வற்றியது. மஞ்சள் குணப்படுத்திவிட்டது என்று மகிழ்ந்தோம். மூன்று மாதங்கள் கழித்து உண்மை தெரிந்தது. அது புற்றுநோய்!

எங்கே தவறினோம்?

கட்டிகள் பலவகை

நாயின் தோலில் தட்டுப்படும் எல்லாக் கட்டிகளும் புற்றுநோய் அல்ல. சீழ்க்கட்டியாகவோ நீர்க்கட்டியாகவோ இருக்கலாம். உயிரணுக்கள் மைட்டோசிஸ் முறையில் பிரிந்து பெருகுவதைப் படித்திருப்பீர்கள். இந்தப் பெருக்கத்திற்கு உடலில் கட்டுப்பாடு உண்டு. அது தவறும்போது உயிரணுக்கள் தேவையின்றிப் பெருகிக் கட்டியாகின்றன. இருந்த இடத்திலேயே வளர்வது தீங்கற்ற கட்டி. பக்கத்துத் திசுக்களை ஊடுருவி, இரத்தம், நிணநீர் வழியாக வேறு உறுப்புகளுக்கும் பரவக்கூடியது புற்றுநோய்க் கட்டி.

வயதான, உடல் பருத்த நாய்களுக்கு அதிகம் வருவது லைபோமா எனும் கொழுப்புக் கட்டி. இது பெரும்பாலும் தீங்கற்றது. இளம் நாய்களுக்குச் சிவந்த பொத்தான் போல ஹிஸ்டியோசைட்டோமா வரும். அது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மறைந்துவிடும்.

மணிக்கு வந்ததோ மாஸ்ட் உயிரணுக் கட்டி. நாய்களின் தோலில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று. பாக்சர், பக், லாப்ரடார் இனங்களில் கூடுதலாகக் காணப்பட்டாலும் எந்த நாய்க்கும் வரலாம்.

வேடம் போடும் கட்டி

மாஸ்ட் உயிரணுக்கள் நம் உடலிலும் உள்ளன. அவற்றினுள் ஹிஸ்டமின் நிரம்பிய நுண்துகள்கள் இருக்கும். ஒவ்வாமையின்போது தோல் சிவந்து அரிப்பதற்கு இந்த ஹிஸ்டமின் ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கட்டியைத் தேய்த்தால் ஹிஸ்டமின் வெளியேறி அந்த இடம் வீங்கும். பிறகு வீக்கம் தணியும். இப்போது புரிகிறதா? கட்டியை வற்றவைத்தது மஞ்சள் அன்று. நாங்கள் தேய்த்ததால் வீங்கியது. தேய்ப்பதை நிறுத்தியதும் வற்றியது. ஒன்றன்பின் ஒன்று நடந்துவிட்டால் முதலாவதுதான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது எனத் தினமும் வகுப்பில் சொல்பவன், வீட்டில் அதை மறந்துவிட்டேன்.

ஊசிமுனையில் விடை

மாஸ்ட் கட்டி சில வேளைகளில் கொழுப்புக் கட்டியைப் போலவே மிருதுவாக இருக்கும். கால்நடை மருத்துவரின் விரல்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே அவர் ஒரு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில உயிரணுக்களை எடுப்பார். கண்ணாடி வில்லையில் பரப்பிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். கொழுப்புக் கட்டி என்றால் வில்லையில் எண்ணெய்த் துளிகள் மினுமினுக்கும். மாஸ்ட் உயிரணுக்கள் என்றால் ஊதா நிறத் துகள்கள் தெரியும். ஊசியில் விடை தெளிவாகாவிட்டால், சிறு துண்டுத் திசுவை வெட்டியெடுத்துச் சோதிப்பார்கள்.

இந்தச் சாய முறைக்கு வழிகாட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். 1878ஆம் ஆண்டு, தமது 24ஆம் வயதில், அனிலின் சாயங்களைப் பயன்படுத்தி மாஸ்ட் உயிரணுக்களை அடையாளம் காட்டினார். பின்னர் 1908இல் நோபல் பரிசும் பெற்றார்.

நீங்கள் செய்யக்கூடியவை

மாதம் ஒருமுறை உங்கள் நாயைத் தலையிலிருந்து வால் வரை தடவிப் பாருங்கள். கால்விரல் இடுக்குகளையும், பெண் நாய் என்றால் பால்மடிகளையும் மறக்காதீர்கள். கட்டி தென்பட்டால் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். தேதி, இடம், அளவு மூன்றையும் குறித்து வையுங்கள். பிதுக்காதீர்கள், எதையும் பூசித் தேய்க்காதீர்கள்.

1 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஒரு மாதமாகியும் மறையாவிட்டால், ஊசிச் சோதனை செய்யும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். வேகமாக வளர்ந்தாலோ புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். பயந்து நாயை ஒதுக்கவும் வேண்டாம். இக்கட்டிகள் தொடுவதால் மனிதருக்குப் பரவா.

மாஸ்ட் கட்டியை அகற்றும்போது அதைச் சுற்றிச் சுமார் 2 சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து வெட்டுவது வழக்கம். வயிற்றுப் பகுதியில் தோல் தாராளமாக உண்டு. காலில் அப்படியில்லை. மணியின் கட்டி அதற்குள் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்ததால் முழுவதையும் எடுக்க இயலவில்லை. அதன்பின் ஓராண்டுதான் அது எங்களுடன் இருந்தது.

பட்டாணி அளவில் இருந்தபோதே ஓர் ஊசி போதுமாயிருந்தது. உங்கள் விரல் கட்டியைக் கண்டுபிடிக்கட்டும். அது என்னவென்று நுண்ணோக்கி சொல்லட்டும்.