கடலில் வரும் சரக்குக்கு எந்த பாலிசி?

சரக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டால் நம் வியாபாரிகள் உடனே "உண்டு" என்பார்கள். எந்த ஷரத்தில் எடுத்தது என்று கேட்டால், "கிளியரிங் ஏஜெண்டைத்தான் கேட்கவேண்டும்" என்பார்கள். பர்மா உளுந்தும், ஆப்பிரிக்கத் துவரையும், வியட்நாம் மிளகும், மடகாஸ்கர் கிராம்பும் கப்பலில்தான் நம் மண்டிகளுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் பெரிய இறக்குமதியாளர்கள் மட்டும் கவலைப்பட்ட விஷயம் இது. இன்று மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு கண்டெய்னர் எடுக்கிறோம். ஆகவே பாலிசியை நாமே படித்தாக வேண்டியிருக்கிறது.

பாலிசி எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் உள்ளே ஒட்டப்படும் ஷரத்து பெரும்பாலும் ஒன்றுதான். லண்டனில் 1982-ல் எழுதி 2009-ல் திருத்திய இன்ஸ்டிடியூட் கார்கோ ஷரத்து. இதில் ஏ, பி, சி என்று மூன்று வகை. 'சி' தான் மலிவு. தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டுதல், மூழ்குதல், கவிழ்தல், மோதல், கரையில் லாரி கவிழ்தல் என்று பெரிய விபத்துக்களுக்கு மட்டும் அது பணம் தரும். 'பி' இவற்றோடு கடல், ஆறு, ஏரித் தண்ணீர் கப்பலிலோ கண்டெய்னரிலோ புகுவதையும், அலை அடித்துக்கொண்டு போவதையும், பூகம்பம், மின்னலையும் சேர்த்துக்கொள்ளும். கவனியுங்கள், அந்தத் தண்ணீர்ப் பட்டியலில் மழைத் தண்ணீர் இல்லை. திருட்டும் இல்லை. 'ஏ' மட்டுமே விலக்கு என்று எழுதியவை போக மற்ற எல்லா எதிர்பாராத நஷ்டத்துக்கும் பொறுப்பு ஏற்கும்.

2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் சுமார் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. முந்திரிக்கொட்டை ஏற்றிய பெட்டிகளும் அதில் உண்டு. கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் பெட்டிகள் ஒதுங்கிய படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். மூழ்குவது 'சி'யிலும் அடங்கும் விபத்து. அதைச் சொல்லி, "அப்போது சி போதுமே, ஏன் அதிகப் பணம்?" என்று கேட்டவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் சம்மதமில்லை. கப்பல் மூழ்குவது எப்போதோ ஒரு முறை. பலசரக்கு கெடுவது பெரும்பாலும் மூழ்காமல் பத்திரமாக வந்து சேர்ந்த கப்பலில்தான்.

எப்படிக் கெடுகிறது? நம் பக்கத்துக் கடல் வெப்பக் கடல். ரங்கூனில் மூட்டை ஏற்றும்போதே காற்றில் ஈரம். தானியத்துக்குள்ளும் ஈரம். பகலில் கண்டெய்னரின் இரும்புக் கூரை கொதிக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேலே ஏறுகிறது. இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி தண்ணீராகி, சொட்டுச் சொட்டாக மேல் வரிசை மூட்டைகள் மேல் விழுகிறது. சோற்றுப் பானை மூடியைத் திருப்பிப் பார்த்தால் தெரியுமே, அதே கதைதான். கப்பல்காரர்கள் இதைக் 'கண்டெய்னர் மழை' என்கிறார்கள். நாலு நாள் இப்படி நடந்தால் போதும், பூசணம் பிடித்துவிடும். கடல் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே வந்திருக்காது.

எங்கள் தெருவில் ஒரு மண்டிக்கு இப்படித்தான் உளுந்து வந்து சேர்ந்தது. மேல் இரண்டு வரிசை மூட்டை கறுத்துப்போயிற்று. நஷ்டஈடு கேட்டார். கையில் இருந்தது 'சி' ஷரத்து. கப்பல் மூழ்கியதா, இல்லை. தீப்பிடித்ததா, இல்லை. கோப்பை மூடிவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான், அதனால் யாரோடும் சண்டை போடவும் வழியில்லை. மாட்டுத் தீவனத்துக்குப் போட்ட விலையில் அந்த மூட்டைகள் போயின.

'ஏ' எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். சரக்கின் சொந்தக் குணத்தால் வரும் கேடு, போதாத பேக்கிங், வழக்கமான எடைக் குறைவு, தாமதத்தால் வரும் நஷ்டம் ஆகியவை மூன்று ஷரத்திலும் விலக்குத்தான். ஈரம் அதிகமுள்ள தானியத்தை ஏற்றினீர்கள், அது தானாகவே கெட்டது என்று கம்பெனி வாதாடும். அதற்குப் பதில் ஒரே ஒரு காகிதத்தில் இருக்கிறது. ஏற்றுமதித் துறைமுகத்தில் மூன்றாம் நபர் இன்ஸ்பெக்ஷன் செய்து, ஈரப்பதம் இவ்வளவு என்று கொடுத்த சர்டிபிகேட். சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். கண்டெய்னரின் உள்பக்கம் கிராஃப்ட் பேப்பர் ஒட்டவும், ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடவும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான். பேக்கிங் போதாது என்று யாரும் பிறகு சொல்ல முடியாது.

சி.ஐ.எஃப். விலையில் வாங்குகிறவர்கள், "இன்ஷூரன்ஸ் விற்றவன் பொறுப்பு, நமக்கென்ன" என்று இருந்துவிடுகிறார்கள். அந்த முறையில் விற்பவன் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் 'சி' தான், ஒப்பந்த விலைக்கு மேல் 10 சதவீதம் சேர்த்து. அதிகம் வேண்டுமானால் நாம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். கேட்காதவனுக்கு மலிவானதுதான் கிடைக்கும். இன்னொரு வழி, இன்ஷூரன்ஸ் இல்லாத விலையில் வாங்கி நம் ஊர்க் கம்பெனியில் நாமே பாலிசி எடுப்பது. நாங்கள் இதையே விரும்புகிறோம். நஷ்டம் வந்தால் ரங்கூனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே 'ஹை சீஸ்' விற்பனையில் வாங்கும் சிறிய மொத்த வியாபாரிகள் இதைவிட உஷாராக இருக்க வேண்டும். பாலிசி இறக்குமதியாளர் பெயரில் இருக்கும். சரக்கு உங்கள் பெயருக்கு மாறும்போதே பாலிசியையும் உங்களுக்கு எண்டார்ஸ் செய்து வாங்க வேண்டும். சரக்கில் தன் உரிமையை விட்டுவிட்டவர், முன்பே ஒப்புக்கொண்டிராவிட்டால், பிறகு பாலிசியை மாற்றிக் கொடுத்தாலும் செல்லாது. 1963-ம் வருடத்து நம் கடல் இன்ஷூரன்ஸ் சட்டம் அப்படி. பில் எழுதும் அன்றே அந்தக் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

விலை ஏறட்டும் என்று சரக்கைப் போட்டுவைப்பது நம் தொழிலில் பழகிப்போன விஷயம். பாலிசி அதற்காகக் காத்திருக்காது. கப்பலிலிருந்து இறக்கி 60 நாள் வரை என்று எழுதியிருக்கும், ஆனால் அது வழக்கமான பயணம் தொடரும் வரைதான். நாமாகப் பார்த்து ஒரு கிடங்கில் சேமித்து வைத்தோமானால் அந்த நிமிடமே கடல் பாலிசி முடிந்தது. அதற்குப் பிறகு தீ பாலிசி, அதுவும் புயல் வெள்ளம் சேர்த்தது வேண்டும். 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் வெள்ளத்தைப் பார்த்தோம். கிடங்குக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றால் கடல் பாலிசியைக் காட்டி என்ன செய்வது?

ஜெனரல் ஆவரேஜ் என்று ஒன்று உண்டு. நம்மவர்கள் அதிகம் கேள்விப்படாதது. கப்பலையும் மற்ற சரக்கையும் காப்பாற்ற மாலுமி சில பெட்டிகளைக் கடலில் தள்ளினாலும், மீட்கச் செலவு செய்தாலும், அந்த நஷ்டத்தைக் காப்பாற்றப்பட்ட சரக்கின் சொந்தக்காரர்கள் எல்லோரும் மதிப்பின்படி பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் அடைத்து நின்றபோது இதைத்தான் அறிவித்தார்கள். சரக்கில் ஒரு கீறல்கூட இல்லாதவர்களும் ஜாமீன் கொடுத்த பிறகே பெட்டியை எடுக்க முடிந்தது. இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி ஜாமீன் எழுதிக் கொடுக்கும். 'சி'யிலும் இது உண்டு, அதை மறைக்கக் கூடாது. பாலிசியே இல்லாதவர்தான் ரொக்கத்தைக் கட்டிவிட்டுத் தன் சரக்கையே கேட்டு நிற்க வேண்டும்.

கப்பல் கம்பெனியிடமே வசூலிக்கலாமே என்பவர்கள் பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். கப்பலை ஓட்டுவதில் மாலுமி செய்த தவறுக்குக்கூடக் கப்பல்காரர் பொறுப்பில்லை என்றிருக்கும். வழக்குப் போட ஒரு வருடம்தான் கெடு.

சண்டை அபாயம் 'ஏ'யிலும் சேராது. செங்கடலில் 2023 நவம்பர் முதல் கப்பல்கள் தாக்கப்பட்டதை மறந்துவிட வேண்டாம். அந்தப் பக்கம் வரும் பட்டாணிக்கு யுத்த ஷரத்தையும் வேலைநிறுத்த ஷரத்தையும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். கடற்கொள்ளைக்கு மட்டும் 'ஏ' பொறுப்பு ஏற்கும், மற்ற இரண்டும் ஏற்காது.

தூத்துக்குடியிலிருந்து தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத் தோணி என்பதை பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் தெரிவியுங்கள். சாதாரண ஷரத்துக்கள் பதிவுச் சங்கம் தரம் பார்த்துச் சான்று கொடுத்த இரும்புக் கப்பலை மனதில் வைத்து எழுதியவை. சொல்லாமல் விட்டால், முக்கிய விஷயத்தை மறைத்தீர்கள் என்று பாலிசியையே ரத்து செய்ய இடம் உண்டு.

சரக்கு வந்ததும் சீல் எண்ணை பில்லோடு ஒத்துப் பாருங்கள். கதவைத் திறக்கும்போதே போட்டோ எடுங்கள். நனைந்த மூட்டை கண்ணில் பட்டால் மேற்கொண்டு இறக்காமல் சர்வேயரைக் கூப்பிடுங்கள். கப்பல் கம்பெனிக்கு அன்றே, வெளியே தெரியாத சேதமானாலும் மூன்று நாளுக்குள், எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். நல்ல மூட்டையைத் தனியே பிரித்துக் காயப்போடுவதும் உங்கள் கடமைதான். அதற்கான நியாயமான செலவை கிளைமில் சேர்த்துக் கேட்கலாம். ஆள் கூலிக்கும் தார்ப்பாய்க்கும் ரசீது வாங்கி வையுங்கள்.