தோல்தானே என்று இருந்துவிட்டேன்

போரில் கணவரை இழந்தபின் களப்பில் இறால் பிடித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தேன். மாங்கேணிதான் எனது ஊர். ஒருநாள் களப்புக்குள் சிப்பி ஒன்று காலை வெட்டியது. சின்னக் காயம். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கணுக்கால் சிவந்து சுட்டது. தோல்தானே, மாறிவிடும் என்றிருந்தேன். அடுத்த நாள் பொழுதுபடக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். சிவப்பு முழங்கால்வரை ஏறிவிட்டது. அப்போதும், "விடியட்டும் பிள்ளை" என்றேன். இரவில் வீதியில் இறங்கக்கூடாது என்பது போர் எமக்குப் படிப்பித்த பாடம். 2007 இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது உடம்பெல்லாம் சொறி. அதையும் பொறுத்தோம். பொறுத்துப் பழகிய உடம்பு இது.

மகள் விடவில்லை. ஓட்டோ பிடித்து வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாள். வைத்தியர் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டார். கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்காம். இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. எனக்கு நீரிழிவு இருப்பது அன்றுதான் தெரியும். ஐந்து நாட்கள் வாட்டில் வைத்து ஊசி மருந்து ஏற்றினார்கள். முதல் நாளே வந்திருந்தால் குளிசையோடு மாறியிருக்கலாம் என்றார்கள்.

இந்த நோய்க்குச் செலுலைட்டிஸ் என்று பெயர். கீறல், வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து தோலுக்குக் கீழே பரவுகிறது. பிந்தினால் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நீரிழிவுக்காரரும் கால்வீக்கம் உள்ளவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

சகோதரிகளே, படர்தாமரை, சொறி போன்றவற்றைப் பகலில் போய்க் காட்டலாம். சொறி என்றால் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரேநாளில் மருந்து பூச வேண்டும். ஆனால் பின்வருவன கண்டால் விடியும்வரை இருக்காதீர்கள்:

- காய்ச்சலோடு பரவும் சிவப்பு
- தோல் கறுத்தல், தாங்கமுடியாத வலி
- காய்ச்சலோடு, அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள்
- மருந்து குடித்தபின் தோலில் கொப்புளம், வாயில் அல்லது கண்ணில் புண்
- முகம், உதடு வீங்கி மூச்சு முட்டுதல்

குடித்த மருந்தின் உறையையும் கொண்டு போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். அரச வைத்தியசாலையிலும் காசு கேட்கமாட்டார்கள்.

ஒருநாள் உழைப்புப் போய்விடும் என்றுதான் நானும் பிந்தினேன். வாட்டில் படுத்திருந்து, ஐந்து நாள் உழைப்பை விரல்விட்டு எண்ணினேன். இப்போது படுக்கமுன் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.