ஒட்டியிருக்கிறதா, இல்லையா? கேம் சூட்சுமம் சொல்லும் புதுச்சேரி மேப்!

ஒரே நிறத்தில் ஒட்டியிருக்கும் கட்டங்களைத் தொட்டால் 'பட்'டென்று உடைந்து மறையும். பாட்டி முதல் பேரன் வரை செல்போனில் விளையாடும் இந்த வகை கேம்களுக்கு முன்னோடி, 1985-ல் ஜப்பானில் குனியாகி மொரிபே உருவாக்கிய 'செயின் ஷாட்'.

விளையாடுவது சுலபம். எழுதுவதுதான் தலைவலி. கோடிங் பழகும் பிள்ளைகள் ஆசையாக ஆரம்பித்து மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். எந்தக் கட்டம் எதை ஒட்டியிருக்கிறது என்று நமக்குப் பார்த்ததுமே தெரிகிறது. கம்ப்யூட்டருக்குக் கண் இல்லையே! அதனிடம் இருப்பது விலாசம் மட்டும்: எத்தனையாவது வரிசை, அதில் எத்தனையாவது இடம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஊரே கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது. (பிரெஞ்சு நகரம் என்று கொண்டாடினாலும், 1693-ல் ஊரைப் பிடித்து 1699-ல் திருப்பிக் கொடுத்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டம் இது.) நேரு வீதியும் மிஷன் வீதியும் சந்திக்கும் முனையில் நிற்கிறீர்கள். தெற்கே ஒரு வீதி தள்ளினால் ரங்கப்பிள்ளை வீதி. அதாவது வரிசை எண்ணில் ஒன்று கூடுகிறது. வடக்கே போனால் ஒன்று குறையும். கிழக்கு, மேற்குக்கு இட எண் மாறும். இந்த நான்கும்தான் பக்கத்துக் கட்டங்கள். மூலைக்கு மூலை தொடுவது சேருமா என்பது கேம் எழுதுபவர் இஷ்டம்.

சிக்கல் ஓரத்தில்தான். பைத்தான் மொழியில் ஒரு பட்டியலின் -1-வது இடத்தைக் கேட்டால் தவறு என்று சொல்லாது. கடைசி இடத்தில் இருப்பதை எடுத்து நீட்டும். மேற்குக் கோடியில் அண்ணா சாலையில் நின்று "எனக்கு மேற்கே யார்?" என்று கேட்டால், "பீச் ரோடு" என்று பதில் வருகிற கதை! சம்பந்தமே இல்லாத இரண்டு கட்டங்கள் சேர்ந்து உடையும். விளையாடுபவர் "கேம் ஏமாற்றுகிறது" என்பார். எழுதிய பிள்ளைக்கோ திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே கேட்பதற்கு முன்பே, அந்த எண் ஊர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, கூட்டம் சேர்ப்பது. தொட்ட கட்டத்தில் தொடங்கி, அதே நிறமுள்ள பக்கத்துக் கட்டத்தைச் சேர்த்து, பிறகு அதன் பக்கத்துக் கட்டங்களை விசாரித்து, இப்படியே பரவ வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைப்பது போல, போய்வந்த வீட்டுக்கு ஒரு டிக் அவசியம். இல்லாவிட்டால் இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று மாறி மாறி விசாரித்துக்கொண்டே இருக்கும்; கேம் அப்படியே உறைந்துவிடும்.

நிறம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, தொட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். இந்திய மேப்பில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் ஒரே நிறம். ஆனால் மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். புதுச்சேரி நகரத்தில் விரல் வைத்துத் தொடங்கினால் காரைக்காலுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. அவ்வளவு ஏன், புதுச்சேரி மாவட்டமே தமிழக ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. அரசாங்கக் கணக்கில் ஒன்று. கேம் கணக்கில் பல கூட்டங்கள்.

கட்டத்துக்குள் அடங்காமல் மிதந்து நகரும் பெட்டிகள் என்றால், ஒன்றின் வலது ஓரமும் மற்றதன் இடது ஓரமும் ஒரே எண்ணா, மேலும் கீழுமாகப் பார்த்தால் இரண்டும் கொஞ்சமாவது ஒரே உயரத்தைப் பகிர்ந்துகொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கே தசமம் காலை வாரும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தான் சொல்லும் விடை 0.30000000000000004. அதனால் 'சரிசமமா?' என்று கேட்காமல், 'மயிரிழைக்குள் இருக்கிறதா?' என்று கேட்பதே கேம் எழுதுபவர்களின் வழக்கம்.