தோட்டத்தில் நாலு கால் – 9: கரையேறும் வழி

சித்திரை பிறந்துவிட்டால் வீட்டு நாய் துணி துவைக்கிற கல்லடிக்குக் குடிபோய்விடும். தண்ணீர் ஓடி ஊறிய மண்ணை முன்னங்காலால் பறித்து, அந்தக் குழியில் வயிற்றை அழுத்திப் படுத்துக் கிடக்கும். அங்கிருந்து விரட்டினால் குழாயடி. அதையும் அடைத்தால் செம்பருத்திப் பாத்தி. இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். அதன் சாதாரண உடல் வெப்பமே 38, 39 டிகிரி. வெளியே வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஏறினால் இரைப்பு மட்டும் போதாது. ரோமம் குறைந்த வயிறு ஈரத்தில் படிந்தால் சூடு சீக்கிரம் இறங்குகிறது. அதற்குத்தான் அத்தனை பறிப்பும்.

சென்ற வாரம் நிழல் மரங்களைப் பற்றிச் சொன்னேன். இந்த வாரம் தண்ணீர். கொல்லைப்புறத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் ஒதுக்க முடிந்தால் நாய்க்கென்றே ஒரு சின்னக் குளம் கட்டிவிடலாம்.

பத்திரிகைப் படங்களில் பார்க்கிற தோட்டக் குளங்களை அப்படியே கட்டச் சொல்லாதீர்கள். சுற்றிலும் செங்குத்தாகப் பாறாங்கல், நடுவில் தாமரை, ஒரு மூலையில் கல் யானை. பார்க்க லட்சணமாக இருக்கும், நாய்க்கு ஆகாது. தவறி விழுந்த நாய் பதற்றத்தில், பக்கத்தில் எது கரையோ அதையே பிறாண்டிக்கொண்டிருக்கும். நகம் பிடிக்காத வழவழப்புச் சுவராக இருந்தால் நன்றாக நீந்துகிற நாய்கூடக் களைத்து மூழ்கும். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற பிளாஸ்டிக் தாளில் பாசியும் படிந்துவிட்டால் மனிதனே ஏறி வர முடியாது. ஆகவே கரையேறும் வழியை முதலில் வரைந்துகொண்டு, மிச்சக் குளத்தை அதற்கேற்ப வெட்டுங்கள்.

கோவைக்கு மேற்கே, தென்னந்தோப்புகள் நடுவே ஒரு வீட்டில் நான் பார்த்த குளம் பன்னிரண்டு அடி நீளம், எட்டடி அகலம். முதல் நாலடி சரிவு. அந்த நாலடியில் ஓரடி ஆழம்தான் இறங்குகிறது. அடுத்த நாலடி ஓரடி ஆழத்தில் தட்டையான திட்டு. அதைத் தாண்டினால் நடுவில் ஓர் அரையடிப் படி, பிறகு இரண்டடி ஆழம். மொத்தம் மூவாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். கொத்தனாருக்கு வேலை ஓடவில்லை. "ஏனுங்க, நாய்க்குங்களா இத்தனை சோலி?" என்று கேட்டுக்கொண்டே டியூப் மட்டம் பிடித்தாராம். ஆனால் சரிவுப் பூச்சு முடிந்த கையோடு, கார் ஏற்றும் சாய்தளத்துக்குப் போடுவதுபோல் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே வரிவரியாக இழுத்துவிட்டவர் அவரேதான். ஈரத்தில் நாயின் பாதம் அந்த வரியில்தான் பிடிக்கிறது. டைல்ஸ் ஒட்டியிருந்தால் அந்தச் சரிவே சறுக்குமரமாகியிருக்கும்.

ஆழத்துக்கு ஆசைப்படாதீர்கள். நாய்க்குப் பிடித்தது அந்த ஓரடித் திட்டுதான்; முகவாயைக் கரையில் வைத்து வயிறு நனையப் படுக்கிற இடம். லாப்ரடார் நியூபவுண்ட்லாந்து மீனவர்களிடம் வேலை செய்த வம்சம், விரலிடையில் சவ்வு உண்டு, ஆழத்தைப் பார்த்தாலே குதிக்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு; மிதப்பதே பாடு. பக், புல்டாக் வகைகளுக்கு மூக்கு சப்பை, தலை கனம். இவற்றை மிதவைச் சட்டை இல்லாமல் ஆழத்துக்கு விடவே கூடாது. எந்த நாயானாலும் முதல் சில நாள் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, குளத்தின் எந்த மூலையிலிருந்தும் சரிவை நோக்கித் திரும்பப் பழக்குங்கள். தானாகக் கற்றுக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது.

இடம் பார்ப்பதிலும் சூட்சுமம் உண்டு. உச்சி வெயிலுக்குப் பிறகு நிழல் விழ வேண்டும், ஆனால் வேம்பு, புங்கை போல இலை கொட்டுகிற மரத்தடி வேண்டாம். தோட்டத்தின் பள்ளமான மூலையும் வேண்டாம். மழையில் எருவும் உரமும் கரைந்து நேரே குளத்தில் சேரும், தண்ணீர் பச்சையாகும். பச்சையில் ஒரு வகை உயிரையே வாங்கிவிடும். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்மிங்டன் நகரத்துக் குளம் ஒன்றில் ஆடிவிட்டுப் போன மூன்று நாய்கள் சில மணி நேரத்தில் இறந்தன. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சுதான் காரணம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தேங்கிய, சூடான, உரம் ஏறிய நீர் இந்தப் பாசிக்கு விருந்து. குளத்தின் மேல் பெயின்ட் ஊற்றியதுபோல் பச்சைப் படலம் மிதந்தால் நாயை இறக்காதீர்கள். சுற்றிலும் நாலங்குலம் விளிம்பு எழுப்பிவிட்டால் வெளி மழைநீர் உள்ளே வராது.

நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முழுக் குளமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்தால் போதும். மேலே சொன்ன அளவுக்கு மணிக்கு 1,500 லிட்டர் தள்ளுகிற நீர்மூழ்கிப் பம்ப். அந்த வீட்டில் பம்ப்பைப் பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து, கூடையைக் கொசுவலையால் சுற்றியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை வலையை உருவினால் ஈரக் கம்பளிபோல் ஒரு கை ரோமம் திரண்டு வருகிறது. வலை இல்லையென்றால் அத்தனையும் பம்ப்புக்குள் போயிருக்கும். பம்ப் தண்ணீரை ஒரு ஜல்லித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அதில் கல்வாழை அடர்ந்து நிற்கிறது. வேரும் ஜல்லியும் அழுக்கைப் பிடித்துக்கொள்ள, தெளிந்த நீர் குளத்துக்குத் திரும்புகிறது. ஓடுகிற நீரில் கொசு முட்டையிடுவது குறையும். மிச்சத்துக்குக் கப்பி மீன், அவை ஒளிய ஆழப் பக்கத்தில் நாலு கல். மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. தண்ணீருக்குள் நாயும் ஒயரும் சேர்ந்திருக்கப் போகின்றன. மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் பம்ப்பை மாட்ட எலக்ட்ரீஷியனை விடாதீர்கள்.

புது சிமென்ட் தொட்டியில் உடனே நாயை விட்டுவிடவும் கூடாது. சிமென்ட்டின் காரம் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். மீனைக் கொல்லும், நாயின் தோலை அரிக்கும். மீன் வளர்ப்பவர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வைத்து, நீரைக் கொட்டி, மறுபடி நிரப்புவார்கள். அந்த வழக்கத்தையே பிடித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று தடவையாவது நீர் மாற்றுங்கள். கொட்டுகிற நீரையும் நிரம்பி வழிகிற நீரையும் மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கு விடாமல் வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். நாய் மிதித்த தண்ணீர் நிலத்தடிக்கு நேரே போக வேண்டாம். கோடையில் ஆவியாகும் நீரை ஈடுகட்டத் தினமும் மூன்று நாலு குடம் ஊற்ற வேண்டியிருக்கும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற தெருவில் இருப்பவர்களுக்கு இந்தக் குளத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓர் அகலத் தொட்டியும் ஈரச் சாக்கும் போதும்.

செடிகளில் அல்லி வைக்கலாம், கனமான தொட்டியில், மண்ணுக்கு மேல் கூழாங்கல் பரப்பி. இல்லாவிட்டால் மறுநாளே கிழங்கு நாயின் வாயில் இருக்கும். மதிலோரம் அரளி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. தங்க அரளியும் அப்படித்தான். குளம் வந்தால் தேரை வரும், தேரையைத் தேடித் தண்ணீர்ப் பாம்பும் வரலாம். அந்தப் பாம்புக்கு விஷமில்லை. நாய் தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழே சாய்த்துக் குழாய் நீரில் வாயைக் கழுவி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் கதவுள்ள வேலி இல்லாமல் குளமே வேண்டாம். ஓரடி நீர் குழந்தையின் உயிருக்குப் போதும்.

கடைசியாக எலி. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அது வராமல் இருக்காது. அதன் சிறுநீர் கலந்த நீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் நாய்க்கும், நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். இதற்கான லெப்டோ ஊசி எல்லா ரகக் கிருமிக்கும் காப்பு ஆகாது என்றாலும் இருக்கிற காப்பை விடக் கூடாது. குளத்துக்கு முதல் தண்ணீர் திறப்பதற்கு முன் உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். லெப்டோ ஊசி போட்டு ஓராண்டு தாண்டியிருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் போய் வாருங்கள்.

(தொடரும்)