வேருக்கு இடம் வேண்டும்

மைசூரு நகரின் வடமேற்கில் விஜயநகர் இருக்கிறது. முதல் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ் என்று நான்கு ஸ்டேஜ்களாகப் பரந்த குடியிருப்பு அது. அங்கே பல வீடுகளில் பூந்தொட்டிகள் இருக்கின்றன. மைசூரு மக்களுக்குச் செடி என்றால் ஆசை. தசரா நாட்களில் குப்பண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள்.

நர்சரிகளில் விற்கும் செடிகளில் ஒன்று பீஸ் லில்லி. இலை கரும்பச்சையாக இருக்கும். பூ வெள்ளையாக இருக்கும். வீட்டுக்குள் நிழலிலும் வளரும். அதனால் பலரும் விரும்பி வாங்குகிறார்கள்.

ஓராண்டு, இரண்டாண்டு செடி நன்றாக வளரும். பிறகு ஒரு நாள் இலைகள் தொங்கிவிடும். தண்ணீர் ஊற்றினால் நிமிரும். மறுநாளே மீண்டும் தொங்கும். வீட்டில் இருப்பவர் பயந்துபோய் இன்னும் அதிகமாக ஊற்றுவார். இலை மஞ்சளாகும். வேர் அழுகும். செடி செத்துப்போகும்.

தண்ணீர் ஊற்றியும் செடி ஏன் செத்தது? தொட்டிக்குள் வேர் நிறைந்துவிட்டது. வேர் பரவ இடம் இல்லை. தொட்டியை மாற்றியிருந்தால் செடி பிழைத்திருக்கும்.

எங்கிருந்து வந்த செடி?

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே கொலம்பியா என்ற நாடு இருக்கிறது. அந்தப் பகுதிக் காடுகளில், பெரிய மரங்களின் அடியில் இந்தச் செடி வளர்கிறது. வெயில் நேராக விழாது. தரையில் இலைகள் விழுந்து மக்கிக் கிடக்கும். அந்த மண் ஈரமாகவும் இருக்கும், பொலபொலவென்றும் இருக்கும்.

இதன் அறிவியல் பெயர் ஸ்பாத்திபில்லம். வீடுகளில் வளரும் ஒரு வகையின் பெயரில் வாலிஸ் என்பவரின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அவர் ஜெர்மனி நாட்டவர். 1830 முதல் 1878 வரை வாழ்ந்தவர். தென் அமெரிக்கக் காடுகளில் செடிகளைத் தேடிச் சேகரித்தவர்.

பெயரில் லில்லி இருந்தாலும் இது லில்லி அல்ல. நம் சேம்பு, கருணை, சேனை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளையாகத் தெரிவது இதழும் அல்ல. அது தென்னம்பாளை போன்ற ஒரு மடல். நடுவில் விரல் போல ஒரு தண்டு நிற்கும். அந்தத் தண்டில்தான் மிகச் சிறிய பூக்கள் நெருக்கமாக இருக்கும்.

வேரும் மூச்சு விடும்

மண் துகள்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் உண்டு. அவற்றில் காற்று இருக்கும். வேர் அந்தக் காற்றை எடுத்துக்கொள்ளும். எந்நேரமும் தண்ணீர் நின்றால் காற்றுக்கு இடம் இல்லை. வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈர மண்ணில் நின்றும் செடி வாடும்.

இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டாம். முதலில் விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றலாம். ஈரமாக இருந்தால் ஊற்றக் கூடாது.

தொட்டி மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

தொட்டியின் அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கும்.
மண்ணின் மேலேயும் வேர் சுற்றித் தெரியும்.
ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் உடனே கீழே ஓடிவிடும்.
நன்றாகத் தண்ணீர் ஊற்றியும் ஓரிரு நாளில் மறுபடி இலை தொங்கும்.

இவற்றில் இரண்டு அடையாளங்கள் தெரிந்தாலே தொட்டி மாற்றலாம். பொதுவாக ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த மாதம் நல்லது?

மைசூரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் கடுமை. டிசம்பர், ஜனவரியில் குளிர். அப்போது செடி மெல்லத்தான் வளரும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். காற்றில் ஈரம் இருக்கும். ஜூன், ஜூலை மாதங்கள் தொட்டி மாற்ற ஏற்றவை. பூத்திருக்கும் செடியைப் பூ முடிந்த பிறகு மாற்றுவது நல்லது. ஆனால் வேர் அழுகிய செடிக்கு மாதம் பார்க்க வேண்டாம். உடனே மாற்ற வேண்டும்.

எப்படிப்பட்ட தொட்டி?

வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது கொஞ்சம் தளர்வாகத் தைப்போம். அப்பாவின் சட்டையைப் போட்டுவிட மாட்டோம். தொட்டியும் அப்படித்தான். பழைய தொட்டி 6 அங்குல அகலம் என்றால் புதியது 8 அங்குலம் போதும். மிகப் பெரிய தொட்டியில் மண் அதிகம், வேர் குறைவு. வேர் குடித்தது போக மீதித் தண்ணீர் தேங்கும்.

மண் தொட்டியா, பிளாஸ்டிக் தொட்டியா? இரண்டும் சரிதான். மண் தொட்டி சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் அதிக நாள் நிற்கும். எதுவானாலும் அடியில் துளை கட்டாயம் வேண்டும். பழைய பெயிண்ட் டப்பாவைப் பயன்படுத்தினால் அதை நன்றாகக் கழுவி, அடியில் நான்கைந்து துளை போட வேண்டும்.

மண் கலவை

செம்மண் ஒரு பங்கு. மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. இவற்றோடு இரண்டு கை பருமணல். எல்லாவற்றையும் கலக்க வேண்டும்.

தென்னை நார்க்கழிவு கடையில் கட்டியாகக் கிடைக்கும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருகும். அதில் உப்பு இருக்கலாம். இரண்டு முறை அலசிப் பிழிந்து பயன்படுத்த வேண்டும். மக்காத சாணத்தைச் சேர்க்கக் கூடாது. அதன் சூடு வேரைக் கெடுக்கும்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஈரக் கலவையை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்துங்கள். அது உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் கொஞ்சம் மணல் சேருங்கள்.

தொட்டி மாற்றும் முறை

1. முதல் நாளே செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாற்றும் வேலையை மாலையில், நிழலில் செய்ய வேண்டும்.

2. கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். செடியின் சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும்.

3. புதிய தொட்டியின் துளை மேல் ஒரு வளைந்த ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண் போகாது, தண்ணீர் போகும். அடியில் கற்களை நிரப்பத் தேவையில்லை. கல் நிரப்பினால் வேருக்கு உரிய இடம்தான் குறையும்.

4. பழைய தொட்டியைச் சாய்த்து, பக்கங்களில் தட்ட வேண்டும். செடியின் அடியைப் பிடித்து மெல்ல வெளியே எடுக்க வேண்டும். இலையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

5. வேரைப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெளுப்பாக, கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, கொழகொழவென்று நாறும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவிய கத்தரியால் வெட்டிவிட வேண்டும்.

6. சுற்றிச் சுற்றிக் கிடக்கும் வேர்களை விரலால் மெல்லத் தளர்த்த வேண்டும்.

7. தொட்டியில் கொஞ்சம் கலவை போட்டுச் செடியை நடுவில் வைக்க வேண்டும். முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம் போதும். பக்கங்களில் கலவையை நிரப்ப வேண்டும். மேலே ஓர் அங்குலம் காலியாக விட வேண்டும்.

8. துளை வழியாகத் தண்ணீர் வரும்வரை ஊற்ற வேண்டும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஒரு செடி மூன்று செடி ஆகும்

பெரிய செடியை உற்றுப் பார்த்தால் பல கொத்துகள் தெரியும். வெளியே எடுக்கும்போது அவற்றைக் கையால் பிரிக்கலாம். ஒவ்வொரு கொத்திலும் மூன்று நான்கு இலையும், நல்ல வேரும் இருக்க வேண்டும். தனித்தனிச் சிறு தொட்டிகளில் நட்டால் ஒரு செடி மூன்றாகும். அக்கம் பக்கத்தில் கொடுக்கலாம். விற்கவும் செய்யலாம். நர்சரி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கைத்தொழில்.

மாற்றிய பிறகு

ஒரு வாரம் வரை இலை தொங்கலாம். ஓரிரு இலை மஞ்சளாகலாம். பயப்பட வேண்டாம். வேர் புது மண்ணைப் பிடிக்கும்வரை அப்படித்தான் இருக்கும். ஒரு மாதத்துக்கு வேறு உரம் எதுவும் போட வேண்டாம்.

நேர் வெயில் கூடாது. முழு இருட்டும் கூடாது. செடியின் பக்கத்தில் உட்கார்ந்து, விளக்குப் போடாமல் பகலில் புத்தகம் படிக்க முடிகிறதா? அந்த வெளிச்சம் போதும். உப்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீரில் இலை நுனி கருகும். மழைநீர் கிடைத்தால் மிகவும் நல்லது.

தட்டில் நிற்கும் தண்ணீர்

தொட்டியின் அடியில் தட்டு வைப்பது வழக்கம். அதில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். அதோடு ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது அந்தக் கொசுதான். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். கர்நாடக அரசு 2024ஆம் ஆண்டு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. கொசு வளரும்படி தண்ணீரைத் தேங்க விடுவோருக்கு அபராதமும் வைத்தது. தட்டுத் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

குழந்தைகள் கவனம்

பச்சைச் சேம்பைக் கடித்தால் நாக்கு அரிக்கும். இந்தச் செடியும் அப்படித்தான். இதில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. குழந்தை இலையைக் கடித்தால் வாய் எரியும், வீங்கும். எச்சில் ஒழுகும். நாய், பூனைக்கும் இதே தொல்லை வரும்.

குழந்தை கடித்துவிட்டால் வாயில் இருப்பதைத் துடைத்து எடுக்க வேண்டும். வாயைக் கழுவ வேண்டும். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுக்கலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தொட்டியைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதே நல்லது.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

இந்தச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1989இல் ஒரு சோதனை அறிக்கை வெளியிட்டது. காற்றுப் புகாத மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துச் சோதித்தார்கள். வீடு மூடிய பெட்டி அல்ல. ஒன்றிரண்டு செடியை விட, திறந்த ஜன்னல்தான் காற்றை அதிகம் சுத்தமாக்கும். செடியை அழகுக்காக வளர்ப்போம். ஜன்னலையும் திறந்து வைப்போம்.

நினைவில் வையுங்கள்

தண்ணீர் ஊற்றும் முன் விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.
புதிய தொட்டி 2 அங்குலம் பெரியதாக இருந்தால் போதும்.
துளை இல்லாத தொட்டி வேண்டாம்.
தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.
குழந்தைக்கு எட்டாத இடத்தில் செடியை வையுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. ஈர மண்ணில் நின்றும் செடி வாடுவது ஏன்?
2. மிகப் பெரிய தொட்டியில் சிறிய செடியை நட்டால் என்ன ஆகும்?
3. உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எவை? அவற்றை யார், எப்படிச் சரி செய்யலாம்?